தொட்டி ஏற்றிய வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரரிடம், ஒரு பொருளை நகர்த்த எவ்வளவு பலம் வேண்டும் என்று யாரும் வாய் தவறிக்கூடக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் போச்சு. இலையில் சோறு ஆறும், வந்தவர் பஸ்ஸைக் கோட்டைவிடுவார், இவர் மட்டும் கைவிரலால் காற்றில் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். தென்காசியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு விஞ்ஞான வாத்தியார் வேலை. சம்பளம் பள்ளிக்கூடத்தில் வாங்கினாலும் பாடம் ஊருக்கெல்லாம் நடத்துவார்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் நடத்தினார். நாங்கள் குடியிருந்தது ஒரு வளவு. நடுவே பொதுக் கிணறு, சுற்றிலும் வரிசையாக வீடுகள். நான் தண்ணீர் இறைக்கும்போது கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் போய்விட்டது. வெளியே வந்தார். எட்டிப் பார்த்தார். வாளியை எடுக்க வழி சொல்வார் என்று நின்றேன்.

"நீ சட்டுன்னு இழுத்திருக்கே. வாளி சும்மா தொங்கினா கயித்துக்கு அதோட எடை மட்டும்தான் பாரம். அதுக்கு வேகம் குடுக்கணும்னா அதுக்குன்னு தனியா ஒரு விசை வேணும். எவ்வளவு சீக்கிரம் வேகம் குடுக்கியோ, அந்த அளவுக்கு அது கூடும். எடையும் அதுவும் சேர்ந்து கயித்து தலையில விழும்."

"கயிறு இத்துப்போச்சுன்னு சொல்லுததுக்கு இவ்வளவு வியாக்கியானமா? கடைக்குப் போயி ஒரு புதுக்கயிறு வாங்கிட்டு வாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போய் வாங்கி வந்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தது கொஞ்ச வருஷம்தான்.

இப்போது பிள்ளைகள் முடுக்கம் என்று படிக்கிறார்கள். அன்றைய புத்தகத்தில் வேக வளர்ச்சி என்று இருந்தது. பொருளின் நிறையை வேக வளர்ச்சியால் பெருக்கினால், அதை அப்படி ஓட வைக்கத் தேவையான விசை வந்துவிடும். நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவள். ஆனாலும் இந்த ஒரு கணக்கை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதனால் பட்டது அவ்வளவு.

வளவுக்குச் சொந்தக்காரர் ஒரு மண்டி முதலாளி. அரிசி, மிளகாய் வற்றல் வியாபாரம். அறுபதுகளின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் சீசனுக்கு வருகிறவர்கள் தங்க ஒரு லாட்ஜ் கட்ட ஆரம்பித்தார். இரண்டு மாடி எழும்பிவிட்டது. ஆனி பிறந்தால் சாரல் விழும், கூட்டம் வந்துவிடும். மொட்டை மாடியில் இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஏற்றுகிற வேலைதான் பாக்கி. தொட்டியைத் திருநெல்வேலியில் ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்திருந்தார்.

ஏற்றுவதற்குச் சங்கிலிக் கப்பி வாடகைக்குச் சொல்லியிருந்தார். அது வேறு எங்கோ வேலையில் மாட்டிக்கொண்டது. ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், செயின் கப்பி அடுத்த வாரம்தான் கிடைக்குங்கான். வெள்ளிக்கிழமைய விட்டா எனக்கு நல்ல நாளு ரொம்பத் தள்ளிப் போவுது. அதுக்குள்ள சீசன் வந்திரும்லா? கயிறு கட்டி ஆளை வச்சு இழுத்திரலாம்னு பாக்கேன். தாங்குமா தாங்காதான்னு நீங்க ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

நாள் நட்சத்திரம் என்று அவர் பயப்படுவதை வளவில் யாரும் கேலி செய்ய மாட்டோம். முன்பு வயலில் பம்புசெட்டு இறக்கியபோது ராகு காலம் குறுக்கிட்டுவிட்டது. மோட்டார் பாதிக் கிணற்றில் அந்தரத்தில் தொங்க, அந்த ஒன்றரை மணி நேரமும் அப்படியே போயிற்று. அந்த வருஷமே மூத்த மகன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அதிலிருந்து தூக்குகிற பொருள் எதுவும் ராகு காலத்தில் அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பது அவருக்குச் சட்டம். அரிசி மூட்டையைக்கூட அந்த நேரத்தில் லாரியில் ஏற்ற விடமாட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷனிடம் யார் போய் வாதாடுவது?

என் வீட்டுக்காரருக்கு யாராவது கணக்குக் கேட்டால் போதுமே. தொட்டியின் தகட்டுக் கனம், நீள அகலம் எல்லாம் கேட்டு வாங்கினார். ஏறத்தாழ ஐந்து அரிசி மூட்டை எடை என்று கணக்காயிற்று. அடுத்து கயிறு. தென்னை நாரில் முறுக்கிய தடித்த வடம். அதில் ஒரு துண்டை வெட்டி, மண்டியின் பின்னால் இருந்த புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, பெரிய தராசுத் தட்டை அதில் மாட்டி, ஒவ்வொரு மூட்டையாக வைக்கச் சொன்னார். பத்து மூட்டை தாங்கியது. அடுத்ததை வைத்ததும் அறுந்தது. மண்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கு வேலை ஓடவில்லை, வேடிக்கைதான்.

அவர் முதலாளியிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை.

"தாங்கும் அண்ணாச்சி. ஆனா மெதுவா இழுக்கணும். மெதுவா ஆரம்பிச்சு நடந்து போனா அரை மூட்டை பாரம்தான் கூடுதலாகும். அதுக்குக் கயித்துல எடம் இருக்கு. நிக்கக் கூடாது, குலுங்கக் கூடாது. மேல போன தொட்டி ஒரு சாண் நழுவி, நாலு விரக்கடையில டக்குன்னு நின்னுச்சுன்னு வையுங்க, அந்த நேரத்துக்கு அது நாலு மடங்கு எடையாயிரும். இருபது மூட்டை. கயிறு அந்து போவும்."

முதலாளி தலையைத் தலையை ஆட்டினார். ஆனால் ஊரின் காதில் அந்தப் பேச்சின் முதல் வார்த்தை மட்டும்தான் விழுந்தது. தாங்கும். மற்றதெல்லாம் வாத்தியார் வழக்கமாகப் பேசுகிற பேச்சு என்று விட்டுவிட்டார்கள்.

இழுப்பதற்குப் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களை அழைத்திருந்தார்கள். அவர்கள் பாரம் இழுக்கிற விதம் எல்லோருக்கும் தெரியும். தலைவன் ஒரு அடி பாடுவான், மற்றவர்கள் ஐலசா போட்டு ஒரு மூச்சில் இழுப்பார்கள். அடுத்த அடி பாடி முடிகிறவரை கை தளர்ந்து, பிடி மாற்றி, மறுபடி ஒரு வெட்டு. மூட்டையையும் மரத்தையும் தரையில் நகர்த்த அது நல்ல வழி. அந்தரத்தில் தொங்குகிற தொட்டிக்கு அது ஆகவே ஆகாது என்றார் இவர். ஒவ்வொரு ஐலசாவும் கயிற்றுக்கு ஒரு அடி.

"பாட்டு இல்லாம பத்துப் பதினஞ்சு கை எப்படி சார் ஒண்ணு சேரும்?" என்று அவர்கள் தலைவன் கேட்டான். கேள்வி நியாயம்தான். இவர் விடுகிற ஆளா? வியாழக்கிழமை மண்டி முற்றத்தில் மாடு அவிழ்த்த பார வண்டியில் கயிற்றைக் கட்டி, அவர்களை இழுக்கச் சொன்னார். வண்டி மேல் ஒரு பித்தளைச் செம்பில் தளும்பத் தளும்பத் தண்ணீர். ஒரு சொட்டு சிந்தினாலும் மறுபடி முதலிலிருந்து. பாட்டுக்குப் பதிலாகத் தலைவன் மெல்ல, மெல்ல என்று ஒரே சீராகச் சொல்ல, அந்தச் சொல்லுக்கு ஒரு எட்டு. சந்தைக்காரர்கள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெயில் தாழ்வதற்குள் வண்டி முற்றத்தைக் கடந்து போயிற்று, செம்புத் தண்ணீர் சிந்தவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வளவுப் பெண்கள் எல்லோரும் குற்றாலம் போனோம். முதலாளி வீட்டம்மா பொங்கல் வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் அப்போது ஆறு மாதம். வெயில் இல்லை, மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. பருவத்துக்கு முன்பே சாரல் தூற ஆரம்பித்துவிட்டது. நல்ல சகுனம் என்று முதலாளி சந்தோஷப்பட்டார். விடிந்ததும் தொட்டியோடு வர வேண்டிய லாரி வரவில்லை. ஆலங்குளம் பக்கத்தில் டயர் வெடித்து நின்றுவிட்டதாம். அது வந்து சேர்ந்தபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு.

"அண்ணாச்சி, இப்ப வேண்டாம். ராகு காலம் கழிஞ்சு மத்தியானம் ஏத்துவோம்" என்று இவர் சொன்னார். நான் பொங்கல் பானைக்கு அருகில் இருந்தேன், என் காதில் விழுந்தது. ஜோசியர் குறித்த நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை, மத்தியானம் சொல்லவில்லையே என்றார் முதலாளி. ஒரு மணி நேரம் இருக்கிறது, இழுக்க அரை மணி போதாதா என்று இவரையே திருப்பிக் கேட்டார். அவசரமில்லாமல் இழுத்தாலும் அரை மணி போதும்தான். இவர் சரி என்றார்.

ஆனால் தொட்டியை லாரியிலிருந்து இறக்கவே நேரம் போயிற்று. அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தார்கள். அதையும் யாரும் குறைத்துக்கொள்ளவில்லை. மாடிக்கு மேல் இரண்டு மரம் நட்டு, குறுக்கே கட்டையில் கப்பி தொங்கியது. கீழே தரையோடு இன்னொரு கப்பி. அதன் வழியாக வந்த வடத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் சாலையை நோக்கி நடக்க வேண்டும், தொட்டி மேலே ஏறும்.

கீழே நின்று, தொட்டி சுவரில் உரசாதபடி பக்கவாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டவர் அந்த மாடியைக் கட்டிய கொத்தனார். இலஞ்சிக்காரர், சின்ன வயசு. வேலை தொடங்குமுன் எங்கள் பானையை எட்டிப் பார்த்தார்.

"யக்கா, முந்திரிப்பருப்பு எனக்குன்னு தனியா எடுத்து வையுங்க. தொட்டி ஒக்காந்ததும் ஓடி வாரேன். இல்லேன்னா இந்த மூட்டைத்தூக்கிய பானையோட முழுங்கிருவானுவ."

எடுத்து வைத்தேன்.

மெல்ல, மெல்ல என்று தலைவனின் குரல் கிளம்பியது. தொட்டி தரையை விட்டு எழும்பியதே தெரியவில்லை, அவ்வளவு நிதானம். முதல் மாடி ஜன்னலைத் தாண்டியது. இவர் வடத்தோடு கூடவே நடந்துகொண்டிருந்தார். ஆட்களின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தொட்டியைப் பார்க்கவே இல்லை. பெண்கள் நாங்கள் குலவை போட்டோம்.

முதலாளி கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது, அவருக்கு வேர்த்திருந்தது.

"மணி பத்தே காலு ஆச்சுலே! இன்னும் பாதிதான் ஏறியிருக்கு. ராகு காலத்துல அந்தரத்துலயா தொங்க விடப் போறீய?"

"அண்ணாச்சி, இப்படியே வந்தா போதும். சேர்ந்திரும்" என்றார் இவர்.

"எங்கன சேரும்? ஏலே, பாட்டைப் போடுலே!"

தலைவன் இவரைப் பார்த்தான். பிறகு முதலாளியைப் பார்த்தான். சீசன் முழுக்க மண்டியில் வேலை கொடுக்கப் போகிறவர் யார் என்று அவனுக்குத் தெரியாதா? பாட்டைப் போட்டான். பழகிய பாட்டு வாயில் ஏறியதும் மற்றவர்களுக்கும் கை தானாகப் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. ஐலசா. தொட்டி ஒரு துள்ளுத் துள்ளி ஏறியது. முதலாளி ஆமா, அப்படித்தான் என்றார். இன்னொரு ஐலசா. தொட்டி ஆட ஆரம்பித்தது. "பாட்டை நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று இவர் கத்திக்கொண்டு வடத்தைப் போய்ப் பிடித்தார். இவர் குரல் பாட்டில் அமுங்கிப்போயிற்று. சுவரை மோதப்போகிற தொட்டியை இழுத்துப் பிடிக்கக் கொத்தனார் நாலு எட்டு அதன் அடிக்கே வந்தார். அடுத்த இழுப்பில், ஈரத் தரையில் முன்னால் நின்ற இரண்டு பேருக்குக் கால் வழுக்கியது. வடம் பின்னால் ஓடியது. மற்றவர்கள் தம் கட்டி வெடுக்கென்று நிறுத்தினார்கள்.

சாட்டை சொடுக்கியது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு நடந்ததை எழுத எனக்கு மனம் வரவில்லை. கொத்தனார் கத்தக்கூட இல்லை.

முதலாளி அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "இன்னும் ராகு காலம் பொறக்கலியே, பொறக்கலியே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். யாரிடம் நியாயம் கேட்டாரோ தெரியவில்லை. எனக்கு அந்த நேரத்தில் அவர் மேல் பரிதாபம் வந்தது. அது அன்று ஒரு நாளோடு சரி.

மறுநாள் விசாரணை. முதலாளி சொன்னார்: வாத்தியார் கணக்குப் போட்டுத் தாங்கும் என்றார், நம்பி இழுத்தோம். இழுத்தவர்கள் சொன்னார்கள்: எங்களுக்கு ஒன்றும் தெரியாது, வாத்தியார் தாங்கும் என்றார். அவசரப்படுத்தியது யார் என்ற கேள்விக்கு, அப்படி ஒரு சத்தமே கேட்கவில்லை என்று விட்டார்கள். நான் போய் நின்று, என் காதால் கேட்டேன் என்றேன். விசாரித்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க அவரு சம்சாரம்லாம்மா" என்றார். அதோடு என் சாட்சி முடிந்தது.

என் வீட்டுக்காரர் மிச்சமிருந்த கயிற்றைக் கொண்டுபோய், அதிகாரி முன்னாலேயே ஒரு வேப்பமரத்தில் கட்டி, மூட்டைகளை ஏற்றிக் காட்டினார். ஐந்துக்கு அசையவில்லை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நின்றது.

"தாங்குதே! பின்ன ஏன் அந்துச்சு?" என்றார் அதிகாரி.

இவர், தொட்டி ஒரு சாண் நழுவியதையும், நாலு விரற்கடையில் நின்றதையும், நாலு மடங்கையும் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினார். அதிகாரி பொறுமையாகப் பார்த்தார்.

"சார், நீங்க சொல்லுதது சரியாவே இருக்கட்டும். பாட்டுப் பாடினான்னு நான் யாரு மேல கேஸ் எழுத? கயிறு தாங்கும்னு சொன்னது ஒரு ஆளு. அது அந்து போச்சு. செத்தவன் பொண்டாட்டி யாரு மேல சந்தேகம்னு சொல்லுதாளோ, அதை வச்சுத்தான் பாக்கணும்."

ஆக எங்கள் பிழைப்பு, நாங்கள் பார்த்தே இராத ஒரு பெண்ணின் வாய்க்குப் போய்விட்டது. அவள் இவர் பெயரைச் சொன்னால் வழக்கு, வழக்கு வந்தால் வேலை போகும், ஜெயிலும் வரலாம். பள்ளிக்கூடத்தில் விஷயம் தெளிகிறவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் இறங்கினால் சனங்கள் பேச்சை நிறுத்தினார்கள். காய்கறிக்காரி என் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டு சாமான் கொடுத்தாள். ஊரில் ஒருத்தர் விடாமல் பௌதிகம் பேசினார்கள். வாத்தியார் ஒரு சைபரை விட்டுவிட்டாராம். வாத்தியார் புஸ்தகத்தைத் தலைகீழாகப் பார்த்துவிட்டாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்களை வரிசையாக நிற்க வைத்துச் சாத்தலாம் போல இருந்தது.

இவரோ யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் சேத்தேன். அண்ணாச்சி பயத்தைச் சேக்கல" என்றார் ஒரு நாள்.

"ராகுவுக்கும் கேதுவுக்கும் சேத்தா எந்த ஊர்ல கணக்குப் போடுதான்? நீங்க வேண்டாம்னு சொன்னீய, மெதுவான்னு சொன்னீய. அதுக்கு மேல நீங்க என்ன செய்யணும், தொட்டியைத் தலையில வச்சுச் சொமக்கணுமா?" என்று கத்தினேன். என் கோபம் அவருக்கு ஆறுதலாக இல்லை. எனக்கும் இல்லை.

கொத்தனாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின் ஒரு காலையில் அவள் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. முதலாளியின் கணக்குப்பிள்ளை கூடவே வந்து, வளவு வாசலில் நின்றுகொண்டார். வளவுப் பெண்கள் கிணற்றடியில் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் நிலைப்படியில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றேன், என்னைத் தாண்டித்தான் அவரிடம் போக வேண்டும் என்பது போல. அவள் உள்ளே வர முயலவில்லை. முற்றத்திலேயே நின்றாள். மெலிந்த முகம். ஆனால் கை நன்றாக உரமேறிய கை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சித்தாள் வேலை செய்தவள், கலவைச் சட்டி சுமந்த கை.

"சாரைக் கூப்பிடுங்கக்கா. ஒண்ணு கேக்கணும்."

இவர் எழுந்து வந்து என் பின்னால் நின்றார்.

"மொதலாளி லாட்ஜுல கூட்டிப் பெருக்க வேலை தாரேங்காவ. பின்னால ஒரு ரூம்பு தாரேங்காவ. புள்ளையைப் படிக்க வைக்கேங்காவ" என்றாள். "ஆனா எங்க ஊருல வேற மாதி சொல்லுதாவ. அவிய அவசரப்படுத்தினதுனாலதான் போச்சுன்னு. அது நெசம்னா நான் அந்தக் கையால போடுத சோத்தை எப்படித் திங்க? எம் புள்ளைக்கு எப்படி ஊட்ட? எனக்கு வேற போக்கிடம் இல்ல. அப்பனும் இல்ல, அண்ணந்தம்பியும் இல்ல."

கணக்குப்பிள்ளை செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கணக்கு தப்பா, சரியா? ஒத்த வார்த்தை சொல்லுங்க சார். தப்புன்னா நான் அங்கன போயிருதேன். கேஸு கீஸு ஒண்ணும் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருதேன்."

சரி என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அவர் கை என் தோளில் விழுந்து அழுத்தியது.

"தப்புதாம்மா" என்றார். கிணற்றடி வரை கேட்கும்படி சொன்னார். "நான்தான் தப்பாப் போட்டுட்டேன். அண்ணாச்சி மேல குத்தம் இல்ல. நீ அங்கன போ. புள்ளையைப் பாத்துக்கோ."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழந்தையை இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு குனிந்தாள். ஒரு கை மண்ணை வாரினாள். நான் வயிற்றில் இரண்டு கையையும் வைத்து மறைத்துக்கொண்டேன். "நாசமாப் போவீய, இந்த வீடு வெளங்காது" என்று வீசித் தூற்றினாள். கிணற்றடியில் ஒருத்தி ஐயோ என்றாள். கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் திருப்தி. அவள் திரும்பிப் பார்க்காமல் அவரோடு போய்விட்டாள்.

நான் உள்ளே போய் அவரை வாயில் வந்தபடி ஏசினேன். ஜெயில் தப்பியது, சரி. ஆனால் பேர்? இந்த ஊரில் இனி யார் பிள்ளைக்குப் பாடம் சொல்லுவீர்கள்? வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அப்பன் பேர் என்ன என்று சொல்லி வளர்ப்பேன்? மண் வாரித் தூற்றினாளே, அது உங்கள் தலையில் மட்டுமா விழும்? அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அழுது முடித்து, மண்ணைக் கூட்டித் தள்ளத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நிலைப்படியில் ஒரு பொடி மண் இல்லை. படியிலும் இல்லை. அவள் நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டு தள்ளி, முற்றத்திலேயே அவ்வளவு மண்ணும் கிடந்தது. அத்தனை உரமான கை, அவ்வளவு பெரிய வீச்சு, பத்தடி தூரத்தில் இருந்த என் வாசலைத் தொடவில்லை. அவள் நினைத்திருந்தால் அந்த மண் எங்கள் அடுப்படியில் வந்து விழுந்திருக்கும். வீசியது கணக்குப்பிள்ளை கண்ணுக்கு. நான் துடைப்பத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வழக்கு விபத்து என்று முடிந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை போகவில்லை. ஆனால் விஞ்ஞானத்தைப் பிடுங்கிக்கொண்டு, சின்ன வகுப்புகளுக்குப் பூகோளம் எடுக்கச் சொன்னார்கள். வளவைக் காலி செய்தோம். ஆலங்குளம் பக்கம் வேலை மாற்றிக்கொண்டு போனபோது, எங்களுக்கு முன்னாலேயே பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. கணக்குத் தப்பி ஆளைக் கொன்ன வாத்தியார். ஓய்வு பெறுகிறவரை அந்தப் பேர்தான். ஒருத்தரும் அவரிடம் ஒரு பொருளை நகர்த்த எவ்வளவு பலம் வேண்டும் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் சோறு ஆறியதே இல்லை.

மகன் நல்லபடியாகப் பிறந்தான். பெரியவனாகி, பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, அப்பா கணக்கு தப்பா என்று என்னிடமே கேட்டான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவன் பத்துப் பேரிடம் சொல்லுவான், அது ஐந்தருவிச் சாலைவரை போகும். அங்கே ஒருத்தி லாட்ஜைக் கூட்டிப் பெருக்கிப் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தாள். முதலாளியும் சொன்ன சொல் தவறவில்லை, படிக்க வைத்தார். அவள் அங்கே சாப்பிடுகிற சோறு எங்கள் வாயில்தான் இருந்தது. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. என் புருஷனைப் பற்றி என் பிள்ளையிடம் நான் சொன்ன அந்த ஒரு பொய்யை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. போன மாதம் அவளும் போய்விட்டாள் என்று தென்காசியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அன்றைக்கே மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். உங்கள் அப்பா போட்ட கணக்கு சரி.